அவர் காருக்கு என் இஞ்சின்

என் கணவர் கார் கட்டுகிறார் என்று சொன்னால் கேட்பவர்கள் முதலில் சிரிப்பார்கள். வீடு கட்டலாம், கோயில் கட்டலாம், காரை எவனாவது கட்டுவானா என்பார்கள். இவர் கட்டினார். குன்னத்தூர் ரோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிட்டிங் ஷெட் இருக்கிறது. அதில் ஒரு பாதியில் மிஷின் ஓடித் துணி இறங்கும், மறுபாதியில் இந்தக் கண்றாவி நிற்கும். இரும்புக் குழாயை வெட்டி, வெல்டிங் வைத்து, இரண்டே சீட் போட்ட ஒரு கூடு. சீட்டுக்கு முதுகுப் பக்கம், பின்சக்கரத்துக்கு முன்னால், இஞ்சின் உட்கார ஒரு காலி இடம். இஞ்சின் நடுவில் இருந்தால் வளைவில் வண்டி சொன்ன பேச்சுக் கேட்குமாம். ரோட்டில் ஓட்ட இதற்கு நம்பர் கிடைக்காது. கோயமுத்தூர்ப் பக்கம் ரேஸ் ஓட்டுகிற இடத்தில் வாடகை கட்டி ஞாயிற்றுக்கிழமை நாலு சுற்றுச் சுற்றலாம், அவ்வளவுதான். அந்த நாலு சுற்றுக்காக ஒரு குடும்பஸ்தன் இப்படிக் கிடந்து உருளுவதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எரிச்சலை விடுங்கள், பயம் வேறு இருந்தது. அந்தக் காலி இடத்துக்குத் தோதான இஞ்சின் எங்கள் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. என் காரில்.

என் கார் என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வாழ வந்த வீட்டில் என்னுடையது என்று சொல்ல எனக்கு வேறு எதுவும் கிடையாது. வீடு மாமனார் கட்டியது. ஷெட்டும் அவர் போட்டது. தோட்டம் பரம்பரைச் சொத்து. என் கழுத்தில் கிடப்பதில் பாதி மாமியார் போட்டது, ஒரு நாள் கழற்றி வைத்தால் எங்கே என்று கேட்பார். அந்தக் காரை மட்டும் நான் வாங்கினேன்.

நான் ஸ்டாக் லாட் வியாபாரம் செய்கிறேன். எக்ஸ்போர்ட் கம்பெனியில் ஆர்டர் ரத்தானாலோ தையலில் கோளாறு வந்தாலோ சரக்கு மூட்டை மூட்டையாகத் தங்கிவிடும். அதை மொத்தமாக விலை பேசி எடுத்து, ஓட்டை, கறை, நல்லது என்று பிரித்துக் கடைகளுக்கு விற்பது என் தொழில். முதலில் போய் நிற்கிறவளுக்குத்தான் சரக்கு. டவுன் பஸ்ஸுக்குக் காத்திருந்து போனால் நல்ல லாட்டைக் காதர்பேட்டை மொத்தக் கடை ஆட்கள் அள்ளிக்கொண்டு போயிருப்பார்கள். ஸ்கூட்டரில் போனால் மூட்டை ஏற்ற முடியாது. அதனால் கார் ஓட்டப் பழகினேன். பழகும்போது பின்னால் வந்த கம்பெனி வேன்காரன் எல்லாம் திட்டினான், நானும் திட்டினேன். பழைய காராக ஒன்று, நாலு சிலிண்டர் பெட்ரோல், என் காசில் எடுத்து, பின் சீட்டைப் படுக்கப் போட்டு மூட்டை ஏற்றினேன். பின் கண்ணாடியில் என் வியாபாரப் பெயரை ஒட்டினேன். சொந்தக்காரர், ஒறம்பரை என்று யாராவது வந்து வாசலில் நிற்கும் காரைப் பார்த்து யாருதுங்க என்று கேட்டால் மாமியார் காபி வைக்க உள்ளே போய்விடுவார். மருமகள் வாங்கினாள் என்று அந்த வாயிலிருந்து ஒரு தடவைகூட வந்ததில்லை.

இவர் இஞ்சின் தேட ஆரம்பித்த பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை. முதலில் பைக் இஞ்சின் என்றார். கனமே இருக்காதாம், சீறிக்கொண்டு போகுமாம், ஆனால் ரிவர்ஸ் கியர் இல்லையாம். பின்னால் வரவேண்டும் என்றால் இறங்கித் தள்ளுவீர்களா என்று கேட்டேன். முறைத்தார். பிறகு டீசல் இஞ்சின் என்றார். திருப்பூரில் டீசலுக்கு மெக்கானிக் தெருவுக்கு நாலு பேர் உண்டு, சாமானும் மலிவு. ஆனால் பின்பக்கம் அத்தனை கனத்தை வைத்தால் வளைவில் வால் சுற்றிக்கொள்ளும் என்று அவரே இரண்டு நாள் கழித்துச் சொன்னார். சின்னக் காரின் மூன்று சிலிண்டர் இஞ்சின் எல்லாவற்றிலும் மலிவு, ஆனால் அதைப் போட்டால் ரேஸ் இடத்தில் பிள்ளைகள் சைக்கிளில் முந்திக்கொண்டு போவார்கள். ஜப்பான் காரிலிருந்து வெட்டி இறக்குமதி செய்கிற இஞ்சின் என்று ஒரு வாரம் போனையே பார்த்துக்கொண்டு கிடந்தார். விலையைக் கேட்டதும் மூஞ்சி தொங்கிவிட்டது. அதில் ஒரு வாஷர் போனாலும் கப்பலில் வரவேண்டும்.

இதையெல்லாம் நான் ஏன் இவ்வளவு சரியாக நினைவு வைத்திருக்கிறேன் என்றால், ஒவ்வொரு இஞ்சினும் தோற்கத் தோற்க அவர் பார்வை வாசல் பக்கம் நகர்ந்துகொண்டே வந்தது. பைக் இஞ்சின் தேறியிருந்தால் நான் குன்னத்தூர் கோயிலில் பொங்கல் வைத்திருப்பேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட உட்கார்ந்தவர் தட்டில் சோற்றை ஒதுக்கிவிட்டு ரசத்தில் விரலை வைத்துப் படம் போட ஆரம்பித்தார்.

“முன்சக்கரம் இழுக்கற காருல இஞ்சின், கியர் பாக்ஸ், ஆக்சில் எல்லாம் ஒரே கட்டா குறுக்கால இருக்கும். அதைய அப்படியே தூக்கிச் சீட்டுக்குப் பின்னால வெச்சுட்டா முடிஞ்சுது. நாலு சிலிண்டர் பெட்ரோல்தான் தோது. சாமான் எங்க வேணாலும் கெடைக்கும்.”

“என்ற காரு மாதிரிங்களா?” என்றேன்.

அவர் நிமிராமல், அந்த மாதிரி ஒன்றுதான் என்று சொல்லி ரசத்தை உறிஞ்சினார். அந்தத் தட்டைப் பிடுங்கி வெளியில் வீசியிருக்கலாம் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

முதல் சுற்றில் என் காரைத் தொட அவருக்குத் துணிச்சல் வரவில்லை. புரோக்கரிடம் போனார். இந்தப் புரோக்கர் எங்கள் இருவருக்கும் பழக்கம். மனை, பழைய நிட்டிங் மிஷின், கார், ஸ்டாக் லாட், கல்யாணத்துக்கு மாப்பிள்ளை, எதுவானாலும் பேசி முடித்துவிடுவார். எனக்கு லாட் பிடித்துக் கொடுப்பதும் அவர்தான். என் கணவருக்கும் அவர் லாட்டாகவே பிடித்துக் கொடுத்தார். மூன்று இஞ்சின், ஒரே விலை, எடுத்தால் மூன்றையும் எடுக்க வேண்டும்.

லாட் எடுப்பதற்கென்று எங்கள் ஊரில் ஒரு முறை இருக்கிறது. மூட்டையைப் பிரிக்கக் கூடாது. மேலே நாலு பீஸைத் தொட்டுப் பார்க்கலாம், அதோடு விலையைச் சொல்லிவிட வேண்டும். உள்ளே ஓட்டை இருந்தால் அது எடுத்தவன் பாடு. இதை வைத்துத்தான் நான் பிழைக்கிறேன். பனியனில் பத்து ஓட்டை போனால் மீதியை விற்று எழுந்துவிடலாம். “குப்பை வியாபாரம்” என்று என்னைக் காலமெல்லாம் கேலி பேசின இந்த மனுஷன், இஞ்சினையும் அதே மாதிரி, தார்ப்பாயை ஒரு மூலையில் தூக்கிப் பார்த்துவிட்டு வாங்கி வந்தார். மூன்றில் ஒன்றாவது தேறாதா என்றார்.

தேறவில்லை. மூன்றும் எங்கேயோ வெள்ளத்தில் முழுகின கார்களில் இருந்து அறுத்து எடுத்தவை. ஒன்று துருவேறிச் சுற்றவே மறுத்தது. இன்னொன்றுக்குள் சேறு. மூன்றாவது நன்றாக இருந்தது, ஆனால் ஒயரையெல்லாம் ஆக்சா பிளேடால் அறுத்திருந்தான் பாவி. இந்தக் காலத்து இஞ்சினை ஓடச் சொல்வது ஒரு கம்ப்யூட்டர் பெட்டி. அந்தப் பெட்டிக்குத் தன்னுடைய சாவியைத்தான் தெரியும், வேறு சாவியைக் காட்டினால் செத்த மாதிரி கிடக்கும். பெட்டியும் இல்லை, சாவியும் இல்லை, ஒயரும் இல்லை. நான் ஷெட்டு வாசலில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தேன். சிரிக்காத கண்ணு, அவனே நொந்து போயிருக்கறான் என்று மாமியார் வந்து சொன்னார். அதைக் கேட்டு இன்னும் கொஞ்சம் சிரித்தேன்.

சிரித்தது எனக்கே வினையாகப் போயிற்று. அந்த மூன்று பிணங்களில் இருந்து அவர் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றே ஒன்று. இஞ்சினை மட்டும் வாங்கக் கூடாது. உயிரோடு ஓடுகிற காராக, பெட்டி, ஒயர், சாவி, கியர் கேபிள் எல்லாம் சேர்ந்து, யார் ஓட்டினார்கள், எப்படி ஓட்டினார்கள் என்று தெரிந்த காராக எடுக்க வேண்டும். அப்படி ஒரு கார் அவருக்குத் தெரிந்து ஒன்றுதான் இருந்தது.

அதற்குப் பிறகு என் காருக்கு நடந்த உபசாரம் கொஞ்சநஞ்சமில்லை. கேட்காமலே ஆயில் மாற்றினார். பிளக் மாற்றினார். நான் லாட் பார்க்கக் கிளம்பினால் பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, ஸ்டார்ட் பண்ணு என்று சொல்லிச் சத்தத்தைக் கேட்டுத் தலையாட்டினார். நல்லா வெச்சிருக்கற என்று பாராட்டு வேறு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என் சமையலை அப்படிப் பாராட்டினதில்லை. இன்னொரு சாவி எங்கே என்று சாதாரணமாகக் கேட்கிற மாதிரி கேட்டார். தொலைந்துவிட்டது என்று சொல்லி, அதை எடுத்து, நான் சரக்குப் போட வாடகைக்கு எடுத்திருக்கும் குடோனில் ஒரு மூட்டைக்குள் திணித்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் பல் விளக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். என் காருக்கு அடியில் இரண்டு கால் நீட்டிக்கொண்டிருந்தது. அளவு டேப் ஒரு பக்கம் கிடந்தது. இஞ்சினைத் தாங்குகிற போல்ட்டுகள் எங்கெங்கே வருகின்றன என்று சாக்பீஸில் தரையில் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிகளைப் பார்த்ததும் என் உடம்பைத்தான் யாரோ அறுக்க அளவெடுத்த மாதிரி இருந்தது. காலை ஒரு உதை விட்டேன். மெதுவாகத்தான்.

அவர் வெளியே வந்து உட்கார்ந்து கையைத் துடைத்தார். கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கோபம்.

“சும்மா அளந்து பாத்தேன். அப்படியே எடுத்தாலும் உனக்கு வேற காரு நான் வாங்கித் தர்றேன். இதைவிட நல்லதா.”

“இது நான் வாங்குன காருங்க.”

“காரு காருதான? யாரு வாங்குனா என்ன?”

அவர் அதை நக்கலாகச் சொல்லவில்லை. மனசார, உண்மையிலேயே தெரியாமல் கேட்டார். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் இந்த மனுஷனுக்கு இது தெரியவில்லை. ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து சாக்பீஸ் குறிகள் மேல் ஊற்றினேன்.

மறுநாள் நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவர் பானெட்டைத் திறக்க முடியும். அதற்கு மறுநாளும் முடியும். நான் எத்தனை நாள் காவல் இருப்பேன்? என் கையிலிருந்து அவர் பிடுங்கப் போகிறார் என்றால், அதற்கு முன்னால் நானே கொடுத்துவிடுவது என்று முடிவு பண்ணினேன். யாரோ முகம் தெரியாதவன் ஓட்டிக்கொண்டு போகட்டும். அவன் குடும்பத்தோடு பழனிக்குப் போகட்டும், காய்கறி ஏற்றட்டும், எனக்கென்ன? இஞ்சின் அதன் இடத்தில் இருக்கும். அது போதும் என்று பட்டது.

அதே புரோக்கரைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரையும் எனக்குத் தெரியாது. பின் கண்ணாடியில் இருந்த வியாபாரப் பெயரை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி எடுத்தேன். லாட் சரக்கு விற்கும்போது லேபிளை வெட்டிவிட்டுத்தான் கொடுப்போம், கம்பெனிப் பெயர் வெளியில் போகக் கூடாது. அந்தப் பழக்கத்தில் கை தானாகச் செய்தது. லாட்டில் இன்னொரு மரியாதையும் உண்டு. விற்ற சரக்கு எங்கே போகிறது என்று விற்றவர் கேட்கக் கூடாது. கேட்டால், இனி இந்த அம்மாவிடம் சரக்கு எடுக்க வேண்டாம் என்று பெயர் கெட்டுவிடும். புரோக்கர் பார்த்தார், விலை சொன்னார், நான் தலையாட்டினேன். எதற்காக விற்கிறீர்கள் என்று அவர் கேட்கவில்லை, யாருக்கு விற்பீர்கள் என்று நானும் கேட்கவில்லை. குடோனுக்குப் போய் மூட்டையில் இருந்து இரண்டாவது சாவியையும் எடுத்துக் கொடுத்தேன்.

டவுன் பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன். இவர் ஷெட்டில் வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தார்.

“காரை வித்துட்டனுங்க” என்றேன்.

கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். வாயில் ஈ போனால்கூடத் தெரிந்திருக்காது. எதற்கு என்று கேட்டார். ஏனென்று அவருக்கே தெரியும். அவ்வளவு பிடிவாதமா என்று மட்டும் சொல்லிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டார். எனக்கு ஜெயித்த மாதிரி இருந்தது. குளியலறையில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன், அது வேறு விஷயம். அடுத்த சில நாட்கள் ஆட்டோ வைத்து லாட் பார்க்கப் போனேன். இரண்டு நல்ல லாட் கை நழுவிப் போயிற்று. போகட்டும் என்று இருந்தேன்.

அந்த வாரக் கடைசியில் காலையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். ரோட்டில் வருகிற சத்தத்தைக் கேட்டதும் கையிலிருந்த துண்டு கீழே விழுந்தது. இரண்டாவது கியரில் லேசாக இழுத்து விடுகிற அந்தச் சத்தம் எனக்குத் தூக்கத்திலும் தெரியும். என் கார் கேட்டுக்குள் நுழைந்து ஷெட்டுக்கு முன்னால் போய் நின்றது. இவர் இறங்கினார்.

நான் முதலில் போனை எடுத்துப் புரோக்கரைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி கேட்டேன். அவர் பதறவே இல்லை.

“ஊட்டுக்காரருக்கு விக்கக் கூடாதுன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லலீங்களே அம்மிணி. யாருக்குன்னுகூட நீங்க கேக்கலீங்க.”

இத்தனை வருஷம் நான் யாரிடமும் கேட்டதில்லை, அவரும் என்னிடம் கேட்டதில்லை. அப்படித்தான் எங்கள் பிழைப்பு ஓடுகிறது. போனை வைத்துவிட்டு ஷெட்டுக்குப் போனேன். கடைசியில் காசைக் கொடுத்தே அடித்துவிட்டீர்களா, இப்போது திருப்தியா, கழற்றி உங்கள் கூட்டுக்குள் வைத்துக் கொஞ்சுங்கள் என்று என்னென்னவோ கத்தினேன். மிஷின் ஓட்டுகிற பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் நான் முடிக்கிறவரை நின்றார். அப்புறம் இரண்டு சாவியையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார்.

“இஞ்சினுக்கு வாங்கலை. உனக்குத்தான் வாங்கினேன். பேப்பரெல்லாம் இன்னும் உன்ற பேர்லயேதான் இருக்குது. நான் இனி அதுல கை வெக்கறதில்ல. ஓட்டிக்க.”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் வாங்கியிருப்பேன். கை பாதி தூரம் போய்விட்டது. அவர் கண் கலங்கியிருந்தது, அது நடிப்பில்லை. அந்த நொடியில் பின்னால் மாமியார் குரல் கேட்டது. சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா வேலியோரம் வந்து நின்றிருக்கிறார். மாமியார் அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி.

“ஒண்ணுமில்லீங்க. எம்பையன் மருமகளுக்குக் காரு வாங்கிக் குடுத்திருக்கறான்.”

என் கை நின்றுவிட்டது. அதே கார்தான். அதே சீட்டு, நான் ஓட்டுகிற தூரத்துக்கு முன்னால் தள்ளி வைத்தபடியே இருந்தது. பேப்பரில் என் பெயர்தான். ஆனால் மாமியார் சொன்னதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. பிள்ளை காசு கொடுத்து வாங்கினான், மருமகளுக்குக் கொடுக்கிறான். இனி ஒறம்பரை வந்து யார் காருங்க என்று கேட்டால் மாமியார் உள்ளே போக மாட்டார். வாசலிலேயே நின்று சொல்லுவார். இவரும் நல்ல மனசோடு கேட்டுக்கொண்டு நிற்பார். ஒவ்வொரு முறை நான் அதில் ஏறி உட்காரும்போதும் இவருக்கு நன்றி சொன்ன மாதிரி ஆகும்.

“கழட்டுங்க” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. என்ன என்றார்.

“இஞ்சினைக் கழட்டி உங்க வண்டீல வெச்சுக்கங்க. அது என்றதா இருந்துது, வித்துட்டேன். நீங்க வாங்கிக் குடுக்கற காரு எனக்கு வேண்டாங்க.”

கோபத்தில் பேசாத, நாளைக்குப் பேசிக்கலாம் என்றார். நான் சாவியை வாங்கவில்லை. குனிந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கிற கொக்கியை நானே இழுத்துப் பானெட்டைத் திறந்தேன். அந்த மூன்று செத்த இஞ்சினுக்குப் பக்கத்தில் ஸ்பானர் பெட்டி இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தேன். எவ்வளவோ ஆசைப்பட்ட இஞ்சின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, அதைத் தொட அவருக்கு மனசு வரவில்லை. எனக்கு அதைப் பார்க்கத் துளி இரக்கம் வரவில்லை. முதலில் பேட்டரியைக் கழற்றினார். மதியம்வரை ஒவ்வொரு ஒயராக, அறுக்காமல், பிய்க்காமல், துண்டுத் துணியில் எண் எழுதிக் கட்டிக் கழற்றினார். நான் ஒரு நூல் பெட்டியைப் போட்டு உட்கார்ந்து முழுக்கப் பார்த்தேன். சாப்பிடக்கூட எழவில்லை.

உத்தரத்தில் தொங்கின செயின் பிளாக்கின் சங்கிலியில் மாட்டி இழுத்தபோது இஞ்சின் கியர் பாக்ஸோடு ஒரே கட்டாக மெல்ல எழுந்து வந்தது. சொட்டுச் சொட்டாக ஆயில் ஒழுகியது. நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தேன் என்பது அவர் திரும்பிப் பார்த்த பிறகுதான் எனக்கே தெரிந்தது. அவர் சங்கிலியை அப்படியே பிடித்துக்கொண்டார்.

“இன்னும் ஒண்ணும் ஆகலை. எறக்கி மாட்டிடறேன். சொல்லு” என்றார்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, காரோட முன் விளிம்பில் இடிக்கப் போகுது, இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க என்றேன்.